இடப்பக்கத்துக் கருப்புக் கட்டைகள்

என் மகாராணிக்கு,

வார்னிஷ் வாடை போய்விட்டது. இனி உன் அக்கா வீட்டிலிருந்து கிளம்பலாம். பியானோவின் முப்பத்தாறு கருப்புக் கட்டைகளையும் உப்புத்தாளால் தேய்த்து, சாயம் ஏற்றி, வார்னிஷ் பூசிவிட்டேன்.

நீ வாசிக்கும் வலப்பக்கத்தைவிட, உன்னோடு சேர்ந்து வாசிக்கும் நெட்டையரின் இடப்பக்கம்தான் அதிகம் தேய்ந்திருந்தது. இத்தனை நாளாகவா வருகிறார்?

நேற்றும் வந்தார். "என்ன சார், என் பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி மினுங்குது? விரல் வழுக்குமே!"

"உங்க பக்கமா? பியானோ மொத்தமும் எங்க வீட்டோடதுதானே சார்" என்றேன்.

அவர் சிரித்தார்.

உன் பக்கத்துக்கு ஒரு பூச்சு, அவர் பக்கத்துக்கு நான்கு. கை தவறிவிட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருபது வருடமாக மேசை நாற்காலி செய்கிறவனுக்குக் கை தவறாது என்று உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் முன்னால் வாசிக்கும்போது அவர் தடுமாறினால் நீயும் தடுமாறுவாய் என்பது பிறகுதான் உறைத்தது. இன்று காலை நான்கையும் தேய்த்து மங்கலாக்கிவிட்டேன். இனி வழுக்காது.

வேலை முடிந்ததும் அவர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முழங்கை இடிக்காமல் அந்தப் பெஞ்சில் இரண்டு பேர் உட்காரவே முடியாது. நீ வருவதற்குள் அதை ஒரு முழம் நீளமாக்கி வைக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்