கேட்காமல் விட்ட வீடு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று நான் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். தேநீர் வேளையில் உன் நாட்டுத் தூதுக்குழுவின் தலைவர், “உங்களுக்கு எங்க பக்கம் சொந்தக்காரங்க உண்டா?” என்று கேட்டார். காதில் விழாததுபோலச் சர்க்கரைக் கிண்ணத்தை நீட்டினேன்.

உங்கள் நாடும் பக்கத்து நாடும் எல்லையைப் பற்றிப் பேச, யார் பக்கமும் சேராத எங்கள் நாடு இடம் கொடுத்திருக்கிறது. மொழிபெயர்ப்பது என் வேலை. எல்லையோரத்தில் நீ இருப்பது என் அதிகாரிக்குத் தெரியும். அறையில் நடப்பதை வெளியே சொல்ல மாட்டேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நடுநிலை விசித்திரமானது, அக்கா. காலையில் ஒருவருக்காக “எங்கள் மலை” என்கிறேன். மதியம் மற்றவருக்காக அதே மலையை “எங்கள் மலை” என்கிறேன். நேற்று ஒருவருடைய நகைச்சுவைக்குச் சிரித்துத் தொலைத்தேன். மற்றவர் மாலைக்குள் ஒன்றைத் தேடிப் பிடித்துச் சொன்னார். சுமார்தான். அதற்கும் குறையாமல் சிரித்து வைத்தேன்.

அத்தானின் முதுகுவலி எப்படி இருக்கிறது? பெரியவள் பரீட்சை எழுதிவிட்டாளா?

அன்புடன்,
தங்கை

மார்ச் 20

என் ஊமைக்கோட்டானுக்கு,

முதுகுவலி தேவலை. பரீட்சையும் முடிந்தது.

“மாடி எதுவரை எழும்பியிருக்கிறது?” என்று கடிதத்துக்குக் கடிதம் என் உயிரை வாங்குவாய். இந்த முறை வீட்டைப் பற்றி மூச்சே விடவில்லை. அத்தானிடம் காட்டினேன். “அவ கேக்கலைன்னா காரணம் இருக்கு. நம்ம தெரு அந்தப் பக்கம் போகப்போகுது” என்றார்.

வாய்விட்டுச் சொல்ல முடியாததை இப்படியாவது சொன்னாயே. வீட்டை வந்த விலைக்குப் பேசி முடித்துவிட்டோம். பத்திரப்பதிவு அடுத்த மாதம்.

உன் அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. வரைபடத்தை வெளியிட்டுவிட்டார்கள். உங்கள் தெரு உங்கள் நாட்டிலேயேதான் இருக்கிறது; அதை யாரும் ஒருநாளும் கேட்கவே இல்லை.

வீட்டைப் பற்றி எது எழுதினாலும் ஜாடையாகத் தோன்றுமோ என்று பயந்துதான் அன்று விட்டுவிட்டேன். உன் கடிதம் வந்தபோது பதிவுக்கு நாள் இருந்தது. “அவசரப்படாதே” என்று எழுதியிருந்தாலே போதும். ஆனால் அது அறைக்குள் இருந்த செய்தி. தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

அதிகாரியிடம் இன்று எல்லாவற்றையும் சொன்னேன். “சொல்லாம இருந்தது சரிம்மா. ஆனா, வழக்கமா கேக்கறதைக் கேட்டிருக்கணும்” என்றார்.

கேட்டிருந்தால், அதிலும் நீங்கள் ஏதாவது படித்திருப்பீர்களா? எனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும். திட்டியாவது எழுது.

தங்கை

ஜூலை 2

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. வீட்டை வாங்கியவரிடம் அத்தான் போய்க் கேட்டார். திருப்பித் தர முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். நாங்கள் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அக்கா