கடல் அடங்காத லென்ஸ்

பெரியவன் அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதே. நான் சௌக்கியம். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை வழக்கம்போல நடக்கிறது.

விடுமுறை கிடைத்தும் ஊருக்கு வரவில்லை. "நீங்க வந்தா போதும், கடலெல்லாம் எனக்கெதுக்கு?" என்றாய். நான்தான் கேட்கவில்லை. அச்சகத்துக்குப் பக்கத்திலுள்ள இந்தத் துறைமுகத்தை உனக்குப் படமெடுத்துக் காட்ட ஆசைப்பட்டு, கேமராவுக்கு மலிவாக ஓர் ஐம்பது எம்.எம். லென்ஸ் வாங்கினேன்.

கடைக்காரர் அப்போதே சொன்னார்: "இதுல ஜூம் கிடையாது பெரியவரே. ஊர் சுத்த இருபத்துநாலு எம்.எம். வாங்குங்க, அகலமா எடுக்கும். இதுல கடலைப் பிடிக்கணும்னா அடுத்த ஊருக்கே பின்னாடி போகணும்!" ஐம்பதுதான் கண் பார்ப்பதுபோல் பார்க்கும் என்று எங்கோ படித்ததை நம்பிவிட்டேன்.

படத்துக்குள் கடல் அடங்கட்டும் என்று பின்னால் போய்ப் போய், ஒரு மீன்கூடையில் உட்கார்ந்துவிட்டேன். அடி ஒன்றுமில்லை, பார்த்தவர்களுக்குச் சிரிப்பு. வலித்தைலம் மட்டும் ஒரு புட்டி அனுப்பு.

இந்த லென்ஸ் முகம் எடுக்கத்தான் வாகாம். இங்கே "கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்ல எனக்கு ஒரு முகமும் இல்லை. நான் வந்திருக்க வேண்டும். அடுத்த விடுமுறைக்கு வருகிறேன். திட்டிக்கொண்டே வாசலில் நில், படம் எடுத்துக்கொள்கிறேன்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உன் வீட்டுக்காரன்