குட்டிக்குக் காது

திருவேற்காடு,
10-2-2025

அன்புள்ள ஜெகதீசனுக்கு,

நான் உன்னைத் துடைப்பத்தால் அடித்ததாக உன் மாமியார் நூம்பல் ஊர் முழுவதும் சொல்லி வருகிறாராம். துடைப்பத்தால் அல்ல, உன் அப்பாவின் கைத்தடியால். ஒரு முறையும் அல்ல, மூன்று முறை. மூன்றாவதில்தான் உன் புருவம் கிழிந்தது. சொல்கிறவர்கள் சரியாகச் சொல்லட்டும்.

காரணத்தையும் சேர்த்துச் சொல்லட்டும். நேற்று நீ வந்தபோது நாய்க்குட்டி தலையை உதறியதில் கட்டு நழுவியது. அதற்காக அதன் காதிலேயே அறைந்தாய். ஏழு நாள் தையல் பிய்ந்தது. சுவரில் தெறித்த ரத்தத்தை இன்று காலையும் தேய்த்தேன். போகவில்லை.

"குட்டிக்கு ஞாயித்துக்கிழமை காதும்மா, வந்துடு" என்று அன்று நீ போனில் சொன்னபோது, நான் உன் மகளை நினைத்தேன். காதுகுத்துக்கு வெல்லம் போட்டுக் காப்பரிசி கலந்து, சின்னத் தோடும் வாங்கிக்கொண்டு, ஆட்டோ பிடித்து வானகரம் வந்தேன். சாப்பாட்டு மேஜையில் பத்து வாரத்து டோபர்மேன் குட்டியை நீ அமுக்கிப் பிடித்திருந்தாய். காது நிமிர்ந்து நிற்க வேண்டுமென்று, நாய் விற்கிறவன் பிளேடால் அதை அறுத்துக்கொண்டிருந்தான். அது மேஜையிலேயே மலம் கழித்து அலறியது.

"ஒன்னியும் ஆவாது ஆயா, மருந்து குட்துகீறேன், தூக்கத்துல கத்துது" என்றான் அவன்.

குட்டியை என் வீட்டில் விட்டு, கட்டு மாற்றும் வேலையை என்னிடம் தள்ளிவிட்டாய். செய்கிறேன். காலையும் மாலையும் வெதுவெதுப்பான உப்புநீரில் பஞ்சை நனைத்துத் தையலை ஒற்றுகிறேன், தேய்ப்பதில்லை. நன்றாகக் காய்ந்த பிறகு களிம்பு. காகிதக் கப்பை நடுவில் வைத்து, இரண்டு காதையும் நிமிர்த்தி ஒட்டுகிறேன். சொறியாமலிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. என்னை இரண்டு முறை கடித்துவிட்டது. நியாயம்தான். ஊசி போட்டுக்கொண்டேன்.

நீ அறைந்த இடது காதில் சீழ். பூந்தமல்லி கால்நடை டாக்டர் ஜோயா இன்று அழுகிய விளிம்பை நீக்கினார். அந்தக் காது இனி நிமிராது என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள். புருவத்தில் தண்ணீர் படாமல் குளி.

அம்மா,
சுலோசனா

வானகரம்,
14-2-2025

அம்மா,

நீ போன எடுக்க மாட்டேங்கற, அதான் லெட்டர். வித்யா அவ அம்மா வீட்டுக்குப் போறா, அவகிட்ட குடுத்து அனுப்பறேன். புருவத்துல நாலு தையல். ஆபீஸ்ல பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன்.

நாய் என்னோடது. ஒத்தக் காது தொங்குற டோபர்மேனைக் கூட்டிக்கிட்டுக் கீழ இறங்கினா எங்க வாட்ச்மேனே சிரிப்பான். காது வெட்டின ஆள்கிட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை ரெண்டு காதையும் இன்னும் ஒட்ட வெட்டித் தச்சுடலாம்னு சொல்றான். குட்டையா இருந்தா தானா நிக்குமாம். குட்டியை ரெடியா வை. கேட்டைப் பூட்டினா உடைப்பேன்.

என் பொருமைக்கும் ஒரு அளவு இருக்கு. நாப்பது வயசுப் பிள்ளைக்கு ஒரு மறியாதை வேணாமா? அப்பா இருந்திருந்தா நீ இப்படிக் கை நீட்டியிருப்பியா?

ஜெகதீசன்

திருவேற்காடு,
15-2-2025

அன்புள்ள ஜெகதீசனுக்கு,

பொறுமைக்குப் பெரிய ற. மரியாதைக்குச் சின்ன ர. 'உடைப்பேன்' என்பதை மட்டும் பிழையில்லாமல் எழுதியிருக்கிறாய்.

நீ கேட்டதற்குப் பதில்: நீட்டியிருக்க மாட்டேன். முப்பது வருடம் அவரை எதிர்த்துக் கை நீட்டவில்லை. என் இடது காது டைபாய்டு காய்ச்சலில் போனது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அது பொய். ஆவடி குவார்ட்டர்ஸ் சமையலறையில், குழம்பில் உப்பு கூடிவிட்டதென்று உன் அப்பா அறைந்ததில் போனது. மூன்று நாள் தலையணையில் ரத்தம். கான்வென்டில் படித்தவள், நாலு பேர் முன்னால் தலை குனியக் கூடாது என்று காய்ச்சல் கதை கட்டினேன். உனக்கு அப்போது நான்கு வயது. ஏதோ விளையாட்டு என்று கைதட்டினாய். ஒற்றெழுத்து விட்டால் ஸ்கேலால் உன் முட்டியில் அடித்த நான், அந்தக் கைதட்டலை மட்டும் திருத்தாமல் விட்டேன்.

இன்று காலை குட்டியின் காதிலிருந்து கப்பையும் டேப்பையும் எடுத்துவிட்டேன். புண் ஆறினால் போதும். காது நிற்க வேண்டியதில்லை.

போலீசுக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். அறுத்தவன் பெயர் இருக்கிறது. டாக்டர் ஜோயா எடுத்த படங்களும் இருக்கின்றன. மேஜையில் அமுக்கிப் பிடித்தது யார் என்ற இடத்தை மட்டும் நிரப்பவில்லை. அந்த ஆள் பிளேடோடு என் வாசலில் நின்றால், உன் பெயரை என் கையாலேயே எழுதுவேன்.

நாளை கேட்டைப் பூட்ட மாட்டேன். குட்டி என் கட்டிலுக்கு அடியில் இருக்கும், நான் கட்டிலில் இருப்பேன். நீ கை வைத்தால் நானும் அடிப்பேன், நீயும் அடிப்பாய். அறுபத்தெட்டு வயதில் விழுந்தால் எழ மாட்டேன். அதைத் தெரிந்துகொண்டு வா.

வராமல் இருப்பதானால், குட்டி இனி உன்னுடையதல்ல என்று உன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு, காலைக்குள் வித்யாவிடம் கொடுத்தனுப்பு.

அம்மா,
சுலோசனா