மொட்டோடு வந்த செடிகள்

பாட்மின், கார்ன்வால்
மே மாதம், வெள்ளிக்கிழமை

என் செல்ல டாம்சினுக்கு,

அம்மா எழுதுவது. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே? இங்கே ஒரே மழை. முழங்கால் வலி வருவதும் போவதுமாக இருக்கிறது. அதை விடு. உன் அப்பாவைப் போல் கைபேசியைத் தூக்கிக்கொண்டு தோட்டக் கொட்டகைக்குள் போய் ரகசியம் பேச எனக்கு வராது. கூடத்தில் நின்று பேசினால் அவர் காதில் விழுந்துவிடும். அதனால்தான் கடிதம்.

அவர் எதையோ மறைக்கிறார். அது உனக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

போன வாரம் காரிலிருந்து தொட்டி தொட்டியாக ஃபாக்ஸ்குளோவ் செடி இறக்கினார். எல்லாம் மொட்டு விட்டவை. உன் அப்பா டென்சிலாவது, கடையில் செடி வாங்குவதாவது! விதைத்த வருஷம் வெறும் இலை, மறு வருஷம்தான் பூ, அதற்குப் பொறுமை இல்லாதவன் பிளாஸ்டிக் பூ வாங்கி வைத்துக்கொள்ளட்டும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனுஷன் அவர். கடைச் செடியில் பூச்சிமருந்து இருக்கும், தேனீ செத்துப்போகும் என்று பாதிரியார் மனைவியிடமே சண்டைக்கு நின்றவர். இந்த வசந்தத்தில் விதைப் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. கேட்டால் முதுகுவலி என்கிறார். மேசைமேல் தட்டை வைத்து விதை தூவ முதுகு எதற்கு?

முதலில் எனக்கு ரொவீனா மேல்தான் சந்தேகம். ஊர்க்கோடியில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறாளே, புருஷனை விட்டுவிட்டு வந்தவள், அவள்தான். செடி வந்தது அவளிடமிருந்து. இவரோ வியாழக்கிழமை தவறாமல் இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். திரும்பி வந்தால் ஆள் அசந்துபோய் நாற்காலியில் சாய்ந்துவிடுகிறார். இந்த வயதிலா என்று சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பது என்று நேற்று பண்ணைக்கே போய்விட்டேன். வியாழக்கிழமையானால் என் புருஷனுக்கு இங்கே என்ன வேலை என்றேன். அவள் திருதிருவென்று விழித்தாள். அவர் வந்தது ஒரே தடவை, அதுவும் செவ்வாய்க்கிழமை என்றாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"மருந்து அடிக்காத செடிதானேன்னு கேட்டாரு. சின்ன நாத்தும் இருக்கு, அடுத்த வருஷம் அருமையா பூக்கும்னு காட்டினேன். அது வேணாம்மா, இந்த ஜூன்லயே பூக்கிறதா குடு, தேனீ வர்றத உக்காந்து பாக்கணும்னாரு. அதுக்கு மேல நான் எதுவும் கேக்கல, மாவிஸ்."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். சண்டைக்குப் போனவள், அவள் போட்டுக் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

வழியெல்லாம் யோசித்தேன். ஒரு வியாழக்கிழமை அவர் முழங்கை மடிப்பில், ஆஸ்பத்திரியில் ஊசி குத்தினால் ஒட்டுவார்களே, அந்த மாதிரி பஞ்சு ஒட்டியிருந்தது. ரோஜா முள் குத்திவிட்டது என்றார். நானும் நம்பினேன், மடச்சி. நீ வேறு, எப்போதும் கிறிஸ்துமஸுக்கு வருகிறவள், இந்த வருஷம் பள்ளிக்கூடம் நடக்கும்போதே ஜூன் கடைசியில் வருகிறேன் என்கிறாய். டீச்சருக்கு யாரடி அப்படி லீவு கொடுக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் பேசும்போது நான் கொட்டகைப் பக்கம் போனால் உடனே பேச்சு மழைக்கு மாறிவிடுகிறது.

உன்மேல் கோபம் இருந்தது. இப்போது இல்லை, பயம்தான் இருக்கிறது.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவரிடம் சொல்லாதே. நான் உடைந்துவிடுவேன் என்று பயந்து மறைக்கிறார், மறைத்துக்கொள்ளட்டும். என்னிடம் நீ மறைக்காதே. ஜூன் கடைசி வேண்டாம், தொடக்கத்திலேயே வந்துவிடு. இந்தப் பூ தண்டின் அடியிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் மேலே விரிந்துகொண்டு போகும். நுனி விரியும்வரை காத்திருக்காதே.

அழுவதாக இருந்தால் விமான நிலையத்திலேயே அழுது முடித்துவிட்டு வா. நானும் முகம் கழுவிக்கொண்டுதான் கதவைத் திறப்பேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணே.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா மாவிஸ்