இடுப்புக்கென்று வைத்த சூப்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. நாங்கள் நலம் என்று தொடங்கத்தான் ஆசை, பாதி நலம் என்று வைத்துக்கொள். நீயும் வயிற்றுப் பிள்ளையும் மாப்பிள்ளையும் முழு நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள், அதனால்தான் இந்தக் காகிதம்.

அம்மாவின் இடுப்பு எலும்புக்கென்று நீ அனுப்பிய கொலாஜன் பவுடர் வந்தது. அதோடு நான் எலும்பு சூப்பும் வைக்கிறேன். வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதவன் என்று பேர் வாங்கியவன் வைக்கும் சூப், ஆறினால் கத்தியால் வெட்டலாம் போல உறைகிறது, எலும்பிலிருக்கும் கொலாஜன் வெந்து அப்படி உறைவதுதான் ஜெலட்டினாம். அந்த வாடையே ஆகாதவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மிச்சம் வைக்காமல் குடிக்கிறாள், பிரசவத்துக்கு உன் பக்கத்தில் இருக்க வேண்டுமே. குடித்ததும் ஒடிந்த இடுப்புப் பக்கமாகவே திரும்பிப் படுத்துப் பல்லைக் கடித்துக்கொள்கிறாள். ஏன் இப்படி உயிரை விடுகிறாய் என்று திட்டினால், இந்தப் பக்கம் சாஞ்சு படுத்தாத்தானே அங்க இறங்கும் என்கிறாள். பிசியோதெரபி செய்ய வரும் பெண் சிரிக்காமல் விளக்கினாள். வயிறும் குடலும் அதைப் பொடிப்பொடியாக நறுக்கிவிடுமாம், அந்தத் துணுக்குகள் தனித்தனியாகவும் இரண்டு மூன்று ஒட்டினபடியும் குடல் வழியாக ரத்தத்தில் சேருமாம், அதற்கப்புறம் தோலுக்கோ நகத்துக்கோ எங்கே போகும் என்பது உடம்பு வைத்த சட்டமாம், இடுப்புக்குன்னு விலாசம் ஒட்டி அனுப்ப முடியாதும்மா என்றாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அம்மா மறுநாளும் அதே பக்கம்தான் படுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இனி மறைத்துப் பயனில்லை. எலும்பு கூடவில்லை, விமானம் ஏறும் பேச்சே வேண்டாம் என்று டாக்டர் என்னை வெளியே அழைத்துச் சொல்லிவிட்டார். அம்மா பிரசவத்துக்கு வர மாட்டாள். அவளிடம் எப்படிச் சொல்வது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவளே, டாக்டர் உங்கள வெளிய கூப்பிட்டப்பவே தெரிஞ்சு போச்சு, பாப்பாவுக்கு நீங்களே எழுதிடுங்க, என் வாயால வராது என்றாள். அப்படியானால் இந்தக் கண்றாவியை ஏன் குடிக்கிறாய், விட்டுத் தொலையேன் என்றேன். குடிச்சியான்னு கேக்கத்தானே அவ தினமும் கூப்பிடறா, நிறுத்திட்டா எதக் கேட்டுக் கூப்பிடுவா என்றாள்.

நிறை மாதத்தில் அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை விடாதே. சுகப்பிரசவமாகித் தாயும் சேயும் தீர்க்காயுசோடு இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். பவுடர் தீரப்போகிறது, மறக்காமல் இன்னொரு டப்பா அனுப்பு.

உன் அப்பா