ஐஸ் ஆலையில் லீவு கேட்ட கதை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
ஆங்கீரச வருஷம் ஆனி மாதம் 8-ம் தேதி

சௌபாக்கியவதி தங்கை இராஜம்மாவுக்கு, அண்ணன் கன்னையா மலாய் நாட்டிலிருந்து ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நானும் உன் அண்ணி புஷ்பவல்லியும் பிள்ளைகள் இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மனசுக்குத்தான் சுகமில்லை. மாப்பிள்ளை இராமலிங்கத்தைக் கேட்டதாகச் சொல்லவும். குழந்தை சந்திரகலாவுக்கு என் முத்தம்.

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. நாலு பக்கமும் வசவுதான். "கோடைக்குள்ளே வந்துடுறேன்னு தை மாசமே எழுதினியே, கோடை முடியப் போவுது. மாமன் மடியிலே உட்கார வெச்சுத்தான் முடியிறக்கிக் காது குத்தணும்னு அஞ்சு வயசு வரைக்கும் பிள்ளையை இப்படியே வெச்சிருக்கேன். வேர்த்து வேர்த்துத் தலையெல்லாம் புண்ணு. தெருப் பிள்ளைங்க சடைச்சாமின்னு கூப்பிடுதுங்க" என்று நீ எழுதியதைப் படித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனி 26-ல் நாள் குறித்தாகிவிட்டது, நான் வராவிட்டால் சித்தப்பா மகன் சின்னையா மடியில் உட்கார வைத்துவிடுவோம் என்றும் எழுதியிருக்கிறாய். அவனும் மாமன் முறைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவன் மடி ஒரு மடியா? ஒல்லிக்குச்சி. பிள்ளை வழுக்கி விழுந்துவிடும்.

என் நிலைமை உனக்குத் தெரியாது. அங்கே வெயில் முடிகிறது என்கிறாய். இங்கே வெயிலுக்கு ஆரம்பமும் கிடையாது, முடிவும் கிடையாது. கோலாலம்பூர் முழுவதும் ஐஸ் ஐஸ் என்று பறக்கிறது. எங்கள் ஆலையில் தினமும் ஆயிரம் பாளம் இறங்குகிறது. ஒவ்வொரு பாளமும் கோயில் யானை அளவு இருக்கும். யானைக்குட்டி அளவு என்று வைத்துக்கொள். கிள்ளானிலிருந்து மீன்காரர்கள் லோரியோடு வந்து நின்று, "கன்னையா அண்ணே இருக்காரா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளேயே வருவார்கள். இத்தனை ஐஸுக்கும் நடுவில் நான் மட்டும் பாய்லருக்கு எதிரே விறகு தள்ளி வெந்துகொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று பேர். மூன்று ஞாயிறாகப் பத்துமலை முருகன் கோயிலுக்குப் போவோம் என்று புஷ்பவல்லி புளிச்சோறு கிளறிக் கட்டி வைக்கிறாள். பிள்ளைகள் விடியும் முன்பே சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். மூன்று தடவையும் ஆலையிலிருந்து சைக்கிளில் ஆள் வந்துவிட்டான், பாய்லர் மக்கர் என்று. மூன்றாம் தடவை உன் அண்ணி புளிச்சோற்று மூட்டையை என் கையில் கொடுத்து, "பாய்லருக்கும் ஒரு கவளம் ஊட்டுங்க" என்றாள். சின்னவன் அன்று முதல் என்னிடம் எதையும் கேட்பதில்லை. அப்பா போறாங்க, அப்பா வராங்க என்று தாயிடம் செய்தி சொல்வதோடு சரி.

லீவு கேட்கவில்லையா என்று நீ நினைப்பாய். கேட்டேன். அதில்தான் சிக்கல். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து இந்த ஊரில் ஆட்களைக் கழித்துக் கப்பலேற்றி அனுப்புவது உனக்கும் தெரியும். போன வருஷம் எங்கள் ஆலையிலும் பதினோரு பேரை நிறுத்தினார்கள். நான் தப்பி நின்றேன். எப்படி என்றால், துரையைக் காணும்போதெல்லாம், "நான் இல்லாவிட்டால் இந்தப் பாய்லர் ஒரு நாள் ஓடாது துரை, இது என் கைக்குத்தான் அடங்கும்" என்று சொல்லிச் சொல்லியே நின்றேன். ஒரு திருகாணியை முடுக்கினால் தீர்கிற கோளாறுக்கு அரை நாள் தட்டிக்கொண்டிருப்பேன். தங்கைதானே, உன்னிடம் சொல்வதற்கென்ன.

போன மாதம் போய், இரண்டு மாதம் லீவு வேண்டும், தங்கை மகளுக்குக் காதுகுத்து என்றேன். துரை என் வார்த்தையையே எடுத்து என் முன்னால் வைத்தார். "நீ போனால் பாய்லர் நின்றுவிடும் என்று நீதானே சொன்னாய்? தா போலே" என்றார். தா போலே என்றால் மலாயில் முடியாது என்று அர்த்தம். அதற்குப் பிறகும் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் அதே தா போலே.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டியதும் புஷ்பவல்லி பிடித்துக்கொண்டாள். எனக்குக் கீழே அய்யாவு என்று ஒருவன் நாலு வருஷமாக வேலை பார்க்கிறான். "அய்யாவு அண்ணன் பார்த்துக்குவாருன்னு துரைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன். உங்க பெருமைக்காக அந்தப் பிள்ளை சடையோட நிக்கணுமா?" என்று கேட்டாள். மூன்று நாள் அவளோடு நான் பேசவில்லை. அவள் பெருமை என்கிறாள். பெருமையா அது? நான் இல்லாவிட்டால் பாய்லர் ஓடாது என்ற அந்த வார்த்தையால்தான் வீட்டில் உலை கொதிக்கிறது என்று அவளுக்கு எப்படிச் சொல்வேன்?

நேற்றுப் போனேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்குத் தெரிந்ததெல்லாம் அய்யாவுக்கும் தெரியும் துரை. அவன் கை என் கையைவிடச் சுத்தம்" என்று சொன்னேன். நான் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன் என்று உனக்குத் தெரியும். இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை. துரை எழுந்து நின்று என் தோளைத் தட்டினார். எழுந்திருக்கவில்லை, ஆனால் தட்டினார். பிறகு அய்யாவுக்கு என்ன கூலி என்று கேட்டு, பென்சிலால் குறித்துக்கொண்டார். என் கூலியில் பாதி.

சம்பளமில்லாமல் இரண்டு மாதம் லீவு கிடைத்துவிட்டது. ஆனால் ஆடி ஒன்றிலிருந்துதான். கப்பல் நாகப்பட்டினம் வந்து சேர ஆடி பத்தாகிவிடும். ஆடியில் நல்ல காரியம் கிடையாது. ஆவணி வரை பொறுத்துக்கொள் என்றுதான் முதலில் எழுதினேன். எழுதிய தாளை உன் அண்ணி அடுப்பில் போட்டுவிட்டாள். அவள் செய்தது சரிதான். பிள்ளை தலையில் புண்ணை வைத்துக்கொண்டு நான் மாமன் என்று வந்து நிற்க முடியாது.

ஆகையால் குறித்த நாளிலேயே, சின்னையா மடியில் வைத்தே முடியை இறக்கிவிடு. சந்தனத்தைக் கட்டியாகக் குழைத்துப் பூசு. சின்னையாவுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்துவிடு, நான் கொடுத்ததாக இருக்கட்டும். ஊரில் யாராவது கேட்டால், போகாதே என்று துரையே காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் கன்னையா பிடிவாதமாகக் கிளம்பிவிட்டான் என்று சொல். மேற்கொண்டு என்ன, எப்போது மலாய் நாட்டு வேலைக்குத் திரும்புகிறான் என்று கேட்டால், தெரியாது என்று சொல். எனக்கும் தெரியாது.

குழந்தை நூறு வயது இருக்கட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன் இராஜம்மா. காதைத் தொடாதே. ஆவணி முதல் முகூர்த்தத்தில் அவள் என் மடியில் உட்கார்ந்து அழட்டும். அதற்காகத்தான் வருகிறேன்.

உன் அண்ணன்
கன்னையா