நல்ல லைன் ஓடுது என்றேன்

நேற்றுப் பின்னேரம் என் மகள் நகப்பூச்சைத் துடைக்க ஒரு சின்னப் போத்தலைத் திறந்தாள். அசெற்றோன் மணம். வெள்ளவத்தை ஃபிளாட்டில் ஒரு மணம் எழும்பினால் அதற்குப் போக இடமில்லை. "ஜன்னலைத் திறந்து வைச்சுச் செய்ய ஏலாதா?" என்று சத்தம் போட்டுவிட்டேன். அவள் முகம் சுருங்கிப் போனது. அந்த மணம் உன் தலைமுடியிலிருந்து வருகிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மச்சான், இருபது வருடத்துக்கு மேலாக உனக்கு எழுதாமல் தள்ளிப்போட்ட கடிதம் இது. நீ வாசிக்கமாட்டாய் என்பதால் எழுதத் துணிவு வந்தது. அந்த அளவுதான் என் துணிவு.

கல்யாணத்துக்கு முன் கொட்டாஞ்சேனையில் ஒரே அறையில் இருந்தோமே, ஞாபகமா? நீ துறைமுகத்தில் கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பவன். நான் ஆஸ்பத்திரியில் மூளை அலையைப் பதியும் மெஷின்காரன். "மண்டைக்கு வயர் மாட்டுறவன்" என்று என்னை ஊர் முழுக்க அறிமுகப்படுத்தினாய். "எனக்கு மாட்டினா லைன் வராது மச்சான், உள்ளுக்கு ஒண்டும் இல்லை" என்று நீயே சிரிப்பாய். ஆனால் வேலை என்று வந்தால் உன்னை அசைக்க முடியாது. ஒரு மூட்டை கூட்டி எழுதச் சொல்லி யாரோ கேட்டதற்கு அவரோடு ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை நீ. "கண்டதை எழுதோணும். காண விரும்பினதை எழுதக்கூடாது" என்பாய். எனக்கு அது அப்போது வெறும் பிடிவாதமாகப் பட்டது.

பிள்ளைகளும் வளர்ந்தபிறகு ஒருநாள் நீ பஸ் தரிப்பில் விழுந்தாய். யாரோ முச்சக்கரவண்டியில் தூக்கிப்போட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நின்ற இதயத்தை டாக்டர்கள் திரும்ப ஓடவைத்தார்கள், ஆனால் நீ கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள், மயக்க மருந்தெல்லாம் நிறுத்தி ஒரு நாள் போனபிறகு, உன் மூளை எழும்புமா என்று பார்க்க மெஷினைக் கொண்டுவரச் சொன்னார்கள். வேறு ஒருவரை அனுப்பச் சொல்லியிருக்கலாம். என் சிநேகிதனுக்கு நான்தான் செய்வேன் என்று வீறாப்பாகப் போனேன்.

உன் தலையில் அவ்வளவு எண்ணெய். பசை ஒட்டவே இல்லை. இடம் இடமாக அசெற்றோன் போட்டுத் துடைத்து வயர்களை ஒட்டினேன். மனதுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டுதான் ஒட்டினேன். மெஷினின் பேனாக்கள் தாளில் அசையத் தொடங்கின. கண்ணை மூடிக்கொண்டு முழித்திருக்கிற ஒருவனுக்கு வருகிற அதே அலை, ஒரே சீராக. இவன் வந்துவிடுவான் என்று நினைத்தேன்.

பிறகு செய்யவேண்டியதைச் செய்தேன். காதருகில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பத்து எண்ண வேண்டும். கை தட்டிப் பத்து. நகத்தைப் பென்சிலால் அழுத்திப் பத்து. உள்ளே ஆள் இருந்தால் அலை கலையும், மாறும். கட்டிலில் எழுதியிருந்த ஞானஸ்நானப் பெயரில் கூப்பிட்டேன், பிறகு நாங்கள் கூப்பிடும் பெயரில் கூப்பிட்டேன். தட்டினேன். நீ திட்டி எழும்புகிற அளவுக்கு நகத்தை அழுத்தினேன். அலை அப்படியே போனது. பார்க்க நல்லதுபோல் இருந்து, கூப்பிட்டால் மாறாத அந்த அலையை அதற்கு முன்னும் கண்டிருக்கிறேன். அப்படி வந்த ஒருவரும் எழும்பி நான் பார்த்ததில்லை. 'மாற்றம் இல்லை' என்று மூன்று இடத்திலும் தாளில் குறித்தேன். கண்டதைத்தான் எழுதினேன், மச்சான். அதில் பிழையில்லை.

வெளியே உன் மனுசி ரீற்றா நின்றாள். முடிவை வீட்டாருக்கு டாக்டர்தான் சொல்ல வேண்டும், எங்களுக்கு வாய் திறக்க அனுமதியில்லை. அந்த ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நான் போயிருக்கலாம்.

"அண்ணா, என்ன தெரியுது?"

"நல்ல லைன் ஓடுது ரீற்றா. முழிச்சிருக்கிற ஆள் மாதிரி."

"அப்ப ரொஷானை வரச் சொல்லோணுமா? டோஹாவில வேலைக்குப் போய் மூண்டு மாசம். இப்ப வந்தா திரும்பி எடுப்பாங்களோ தெரியாது."

"ஏன் அவசரம்? அப்பா எழும்பினாப் பிறகு வரட்டும்."

பின்னேரம் டாக்டர் அவளைக் கூப்பிட்டு, எழும்புவது மிகக் கடினம், பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்க்கட்டும் என்று சிங்களத்தில் சொன்னார். அவள் என் பக்கம் திரும்பினாள். "டாக்டர்மார் அப்பிடித்தான் சொல்லுவினம்" என்றேன். மகனுக்கு அழைக்க ரெலிபோன் கடைக்குப் போகப் புறப்பட்டவள், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தாள். அந்தக் கைப்பை என் கண்ணை விட்டுப் போவதில்லை.

இரண்டு நாள் கழித்துக் காலை உன் இதயம் மறுபடி நின்றது. அதன்பிறகுதான் அவள் மகனுக்கு அழைத்தாள்.

ரொஷான் விமானநிலையத்திலிருந்து நேரே சவப்பெட்டியடிக்கு வந்தான். உன் தலையைத் தடவினான். தடவிய கை நின்றது. முடிக்குள் கட்டிபட்ட பசை. அன்றைக்கு ரீற்றாவுக்கு நல்ல சேதி சொல்லும் அவசரத்தில் சரியாகத் துடைக்கவில்லை நான்.

"அங்கிள், இது என்ன?"

"மெஷின் வயர் ஒட்டினது மகன்."

"நல்லா இருக்கிறார் எண்டு நீங்கள் சொன்னதா அம்மா சொன்னா. பிறகு என்ன நடந்தது?"

"திடீரெண்டு ஹார்ட் நிண்டுட்டுது." அதையும் சொல்லிவிட்டு, ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்து, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தேன். வெட்கம் கெட்டவன் நான்.

அவர்கள் இப்போது வத்தளையில். ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் ரீற்றா கேக் அனுப்புவாள், நானும் கூச்சமில்லாமல் சாப்பிடுவேன். போன நத்தாருக்கு நேரில் போய், "ரீற்றா, அண்டைக்கு அந்த லைன்..." என்று தொடங்கினேன்.

"விடுங்கோ அண்ணா," என்றாள். "கொட்டாஞ்சேனையில சிங்கள ஆக்களோட பிறந்து வளந்தவளுக்குச் சிங்களம் விளங்காதா? டாக்டர் சொன்னது எனக்கும் விளங்கினதுதான். உங்கட கதையை நம்போணும்போல இருந்துது." கேக்கை வெட்டித் தட்டில் வைத்தாள். "ரொஷானுக்கு மட்டும் சொல்லிப்போடாதீங்கோ. அவனுக்கு உங்களில நல்ல மரியாதை."

ஆகவே சொல்லவில்லை. என் பொய்க்குள் அவளையும் இழுத்து இருத்திவிட்டேன். அவளுக்காகத்தான் வாயை மூடுகிறேன் என்று எனக்கு இப்போது ஒரு சாட்டும் கிடைத்துவிட்டது.

நீ எழும்பியிருக்கமாட்டாய், அது எனக்குத் தெரியும். ரொஷான் வந்து கூப்பிட்டிருந்தாலும் உனக்குக் கேட்டிருக்காது. ஆனால் மச்சான், நகத்தை அழுத்த உன் கையை எடுத்து என் கைக்குள் வைத்திருந்தேன் அல்லவா, அந்தக் கை நல்ல சூடாக இருந்தது. அந்தச் சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. உன் மகன் தொட்டபோது நீ குளிர்ந்து போயிருந்தாய்.